‘கருப்பு வெள்ளைப் படம் இப்படித்தான்’ என்று சொன்னால் நம்பாதீர்கள்

2024 பிப்ரவரியில் ‘பிரமயுகம்’ என்ற மலையாளக் கருப்பு வெள்ளைப் பேய்ப்படம் வந்த வாரம், கொழிஞ்சாம்பாறையில் இருந்து நாங்கள் நான்கு பேர் பாலக்காட்டில் ஒரு தியேட்டருக்குப் போனோம். டிக்கெட் தலைக்கு 150 ரூபாய். மம்மூட்டிக்காக அம்மாவும் கிளம்பிவிட்டார்.

திரையில் விளக்குச் சுடர் மட்டும்தான் தெரிந்தது. அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மம்மூட்டியின் முகம் தெரியவில்லை. பாடகன் தேவன், மம்மூட்டி நடித்த போற்றியோடு தன் ஆயுள் நேரத்தையே பணயம் வைத்துப் பகடை ஆடும் இடம்தான் அந்தப் படத்தின் உயிர். அங்கே பகடைச் சத்தத்தை விட சுவர் ஃபேன் சத்தம் பெரிதாகக் கேட்டது. "யாரு ஜெயிச்சாங்க?" என்று அம்மா கேட்டார்.

இடைவேளையில் மேனேஜரிடம் போனேன். "சேட்டா, படம் ரொம்ப இருட்டா இருக்கு."

"கருப்பு வெள்ளைப் படமல்லே, இப்படித்தான் இருக்கும்" என்றார். நம்பி வந்து உட்கார்ந்தேன். அதுதான் இன்னும் மனசு ஆறவில்லை.

ஆபரேட்டர் வேலை பார்த்த என் மச்சான் கேட்டவுடனே சொல்லிவிட்டார். 3டி படத்துக்காக புரொஜெக்டர் முன்னால் மாட்டும் ஃபில்டரைக் கழற்றாமல் சாதாரணப் படத்தை ஓட்டினால், பாதிக்கு மேல் வெளிச்சம் போய்விடும். திரைக்கு 14 ஃபுட்-லாம்பர்ட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் வேண்டும் என்பது கணக்கு. மறுநாள் அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டோம். ஃபில்டரைக் கழற்றவில்லை என்று அங்கிருந்த ஆபரேட்டர் ஒத்துக்கொண்டார். சத்தத்தையும் வழக்கமான அளவான 7-ல் வைக்காமல் 4-ல் வைத்திருந்தார்களாம். காசு மட்டும் திரும்பி வரவில்லை.

அப்புறம் கோயம்புத்தூரில் இரண்டாவது தடவை பார்த்தேன். உள்ளதைச் சொல்ல வேண்டும்: தொடக்கத்தில் காட்டில் யட்சி வரும் இடம் அங்கேயும் என்னைப் பயமுறுத்தவில்லை. அது படத்தின் குறை. ஆனால் அதிகாரம் கையில் இருப்பவன் ஒருத்தனின் காலத்தையே பிடுங்கிக்கொள்கிறான் என்ற அந்த யோசனை, பகடைக் காட்சியில் போற்றியின் கண் தெரிந்தபோது முதுகைச் சில்லிட வைத்தது. பாலக்காட்டில் நாங்கள் காசு கொடுத்தும் பார்க்காமல் விட்டது அந்தக் கண்ணைத்தான்.

பேய்ப்படத்துக்குப் போகிறவர்கள், முதலில் வரும் விளம்பரங்களில் வெள்ளை நிறத்தைக் கவனியுங்கள். பழைய வேட்டி மாதிரி மங்கலாக இருந்தால் உடனே எழுந்து போய், "3டி ஃபில்டரைக் கழற்றியாச்சா?" என்று இதே வார்த்தையில் கேளுங்கள். இடைவேளை வரை பொறுக்க வேண்டாம். "பாதிப் படம் பார்த்தாச்சே, எப்படிக் காசு தர?" என்பார்கள். எங்களிடம் அதைத்தான் சொன்னார்கள்.