பட்டாயாவில் ஜெட் ஸ்கீ ஏறப் போறீங்களா? பாஸ்போர்ட்டைக் கொடுத்துடாதீங்க

தாய்லாந்துக்கு டிக்கெட் போட்டிருக்கிறவர்கள், முக்கியமாக பட்டாயா, புக்கெட் பக்கம் போகிறவர்கள், இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

பட்டாயா கடற்கரையில் ஜெட் ஸ்கீ (கடலில் ஓட்டும் ஸ்கூட்டர்) அரை மணிக்கு ஆயிரம் பாட் (தாய்லாந்து பணம்) என்றார்கள். மச்சினன் ஆசையாக ஏறிவிட்டான். அட்வான்ஸ் எதுவும் வேண்டாமாம், பாஸ்போர்ட்டை மட்டும் 'சும்மா' வாங்கி வைத்துக்கொள்வார்களாம். அவன் திரும்பி வரும்வரை ஒரே சிரிப்பு, 'மை ஃபிரண்ட்' உபசாரம்தான். வண்டியைக் கரையில் இழுத்துப் போட்டதும் ஒருத்தன் அதை ஒருக்களித்துச் சாய்த்து, அடியில் உள்ளங்கையால் ஈரத்தைத் துடைத்தான். முழ நீளத்துக்கு ஒரு கீறல். குனிந்து பார்த்தேன். கீறலுக்குள் பச்சையாகப் பாசி. அரை மணியில் பாசி பிடிக்கிற கடல் போலிருக்கிறது!

45,000 பாட் வேண்டும் என்றார்கள். லேமினேட் செய்த ரிப்பேர் விலைப்பட்டியல் தயாராக இருந்தது. எங்கிருந்தோ நாலைந்து பேர் வந்து சுற்றி நின்றார்கள். அப்புறம் வயதான ஒருவர் வந்து, 'பாவம், டூரிஸ்ட், 20,000 கொடுத்து முடித்துக்கொள்ளுங்கள்' என்று பஞ்சாயத்து பேசினார். அவரும் அவர்கள் ஆள்தான். இந்த ஏமாற்றில் இப்படி ஒரு நல்லவர் வேஷம் எப்போதும் உண்டு என்பது பிறகு தெரிந்தது. போலீஸைக் கூப்பிடுவோம் என்று மிரட்டினார்கள். 'நானே கூப்பிடுறேன்' என்று 1155-ஐ அடித்தேன். அது டூரிஸ்ட் போலீஸ் எண், ஆங்கிலத்தில் பேசலாம். ரிங் போகும்போதே தொகை இறங்க ஆரம்பித்துவிட்டது. அன்று ராத்திரியே ஃபிளைட் என்பதால் 5,000 பாட் அழுதுவிட்டு பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு வந்தோம்.

அவர்களுக்குப் பிடி அந்தக் கீறல் இல்லை, பாஸ்போர்ட்தான். அது கையில் இருந்தால் நீங்கள் எழுந்து நடந்துவிடலாம். இந்திய பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து, அடகு வைக்கிற பொருளே இல்லை. ஜெராக்ஸ் கொடுங்கள், இல்லை கொஞ்சம் பணம் டெபாசிட் கட்டுங்கள். ஒத்துக்கொள்ளாத கடை வேண்டாம். ஏறுவதற்கு முன்னால் வண்டியைச் சாய்க்கச் சொல்லி, அடிப்பகுதியையும் சேர்த்து வீடியோ எடுங்கள், கடைக்காரன் முகமும் அதில் விழட்டும். சாய்க்க மாட்டேன் என்றால் காரணம் அடியில் இருக்கிறது.

ஸ்கூட்டர் வாடகையிலும் இதே கதைதான். அதோடு இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் இல்லாமல் ஓட்டி விழுந்தால் டிராவல் இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் கைவிரித்துவிடும்.

பாங்காக்கில் வேறு ரகம். கிராண்ட் பேலஸ் அரண்மனைப் பக்கம் நடக்கும்போது டிப்டாப்பான ஒருவர் வந்து, 'இன்று பூஜை, மதியம் வரை மூடியிருக்கிறது' என்று அக்கறையாகச் சொல்வார். பக்கத்திலேயே ஒரு டுக்டுக் (அந்த ஊர் ஆட்டோ), 20 பாட்டுக்கு ஊர் முழுக்கச் சுற்றிக் காட்டுமாம். சுற்றல் முடிவது ரத்தினக்கல் கடையில். அரண்மனையில் வழக்கமாக காலை 8.30 முதல் மாலை 3.30 வரை டிக்கெட் கொடுப்பார்கள். திறந்திருக்கிறதா என்று வாசல் கவுண்டரில் கேளுங்கள், ரோட்டில் நிற்பவரிடம் வேண்டாம். டாக்ஸி என்றால் மீட்டர் 35 பாட்டில் ஆரம்பிக்கும், போடமாட்டேன் என்பவரை விட்டுவிட்டு அடுத்ததைக் கைகாட்டுங்கள்.

இன்னொன்று, கிளம்பும் முன்பே நடப்பது. 2025 மே முதல் தாய்லாந்து போகிற வெளிநாட்டவர் எல்லாரும் டிஜிட்டல் அரைவல் கார்டு என்ற வருகைப் படிவத்தை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அது முழுக்க இலவசம். கூகுளில் தேடினால் காசு கேட்கும் போலித் தளங்களும் வரும், தாய்லாந்து இமிகிரேஷனின் தளம்தானா என்று முகவரியைப் பார்த்துவிட்டு நிரப்புங்கள்.

பாஸ்போர்ட் நிஜமாகவே மாட்டிக்கொண்டால் பாங்காக்கில் இந்தியத் தூதரகம் சுகும்வித் 23-ஆம் சந்தில் இருக்கிறது. 1155-ஐ இப்போதே போனில் சேமித்துக்கொள்ளுங்கள், கூட வருகிறவர்கள் போனிலும்.