60 டன் பேலிங் மெஷின் என்று விற்றார்கள், தள்ளுவது 37 டன்தான்

பழைய இரும்பை அமுக்கிக் கட்டாக்கும் ஸ்கிராப் பேலிங் மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். எத்தனை டன் விசையில் அமுக்கும் என்று மெஷின் மேல் ஒட்டியிருக்கும் கணக்கை நம்பவே நம்பாதீர்கள்.

கோவைக்கு வெளியே எங்களுக்குப் பழைய இரும்பு யார்டு. ஒர்க்‌ஷாப்பில் விழும் சீட் கட்டிங், பெயின்ட் டப்பா, வண்டி பாடித் தகடு என்று லைட் ஸ்கிராப்தான் அதிகம் வரும். அதை அப்படியே லாரியில் ஏற்றினால் வண்டி நிறைந்துவிடும், எடை வராது, லாபத்தை வாடகையே தின்றுவிடும். ஃபர்னஸிலும் மெல்லிய தகடு உருகுவதற்குள் ஒரு பகுதி எரிந்து கசடாகிவிடுவதால், மில்காரர்கள் இறுக்கமான கட்டாகத்தான் கேட்கிறார்கள். அதற்காகத்தான் கடன் வாங்கி இந்த மெஷினை எடுத்தோம். ஆயில் பிரஷரில் தள்ளும் மூன்று சிலிண்டர் உள்ளது. மூடி மேலிருந்து அமுக்கும், பெரிய சிலிண்டர் பக்கவாட்டில் நெருக்கும், குட்டி சிலிண்டர் கட்டை வெளியே தள்ளும்.

விற்றவர்கள் தங்கள் இடத்தில் டெமோ காட்டியது டப்பா தகரத்தில். அது யார் அமுக்கினாலும் நசுங்கும். எங்கள் யார்டில் 2 மி.மீ. கட்டிங் போட்டதும் கட்டு வெளியே வந்த கையோடு விரிந்துகொண்டது. கஞ்சிக்கோடு பக்கம் ஒரு மில்லுக்கு அனுப்பிய லோடில், மேக்னெட்டில் தூக்கும்போதே கட்டுகள் அவிழ்ந்து கொட்டியிருக்கின்றன. லூஸ் ஸ்கிராப் ரேட் போட்டுத்தான் இறக்கினார்கள்.

போன் போட்டதும் டெக்னீஷியனை அனுப்பினார்கள். அவர் செய்தது ஒரே வேலை. பிரஷர் அளவு மீறாமல் காக்கும் ரிலீஃப் வால்வை முடுக்கி, சதுர செ.மீ.க்கு 210 கிலோவில் நிற்க வேண்டிய பிரஷரை 260க்கு ஏற்றிவிட்டுப் போனார். பம்பும் ஹோஸும் அதைத் தாங்குமா என்று கேட்டதற்கு, "அதெல்லாம் தாங்கும்" என்றார். ஆயில் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறியது. கொஞ்ச நாளில் சீல் கசிந்தது, பிறகு ஒரு மத்தியானம் ஹோஸ் வெடித்தது.

பக்கத்தில் நின்ற பையன் மேல் கொதிக்கும் ஆயில் பீய்ச்சி அடித்தது. இன்னொருவர் ஓடிப்போய் சிவப்பு எமர்ஜென்சி பட்டனை அழுத்தினார். மோட்டார் நிற்கவில்லை. மெயின் சுவிட்சை அணைத்த பிறகுதான் நின்றது. பையனுக்கு மணிக்கட்டு வரை கொப்புளம். முகத்தில் படாதது கடவுள் புண்ணியம். பேனலைத் திறந்து பார்த்தால், அந்தப் பட்டனுக்குப் பின்னால் ஒரு வயர்கூட இல்லை. துளை போட்டு, பட்டனைச் செருகி, அழகாக நட்டு முடுக்கியிருக்கிறார்கள். பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், இதைப் பொறுக்க முடியாது.

வெளி மெக்கானிக் ஒருவரைக் கூப்பிட்டு மெயின் சிலிண்டரைக் கழற்றினோம். வெளியே 180 மி.மீ. தெரிகிற குழாய், உள்ளே வெர்னியர் வைத்தால் 150தான். கணக்கு சுலபம், நீங்களே போடலாம். விட்டம் 15 செ.மீ. என்றால் பரப்பு சுமார் 176 சதுர செ.மீ. அதை 210ஆல் பெருக்கினால் 37 டன் வருகிறது. உண்மையில் 60 டன் வேண்டுமானால் உள்விட்டம் 190 மி.மீ. இருக்க வேண்டும். "அண்ணா, இதுக்குப் பெயின்ட் மட்டும்தானுங்க 60 டன்" என்றார் மெக்கானிக்.

இதைக் கேட்டதற்குக் கம்பெனிக்காரர் சொன்ன பதில்தான் உச்சம். மெயின் சிலிண்டர் 37, மூடி சிலிண்டர் 16, கட்டு தள்ளும் சிலிண்டர் 6, எல்லாம் சேர்த்தால் கிட்டத்தட்ட 60 வருகிறதாம்! மூன்றும் மூன்று வேளையில் மூன்று வேலை செய்கின்றன. கூட்டிச் சொல்வதில் என்ன நியாயம்? ஸ்கிராப் போடும் பெட்டிக்குள் போல்ட் போட்ட, தேய்மானம் தாங்கும் ஹார்டாக்ஸ் தகடு என்று வாய் நிறையச் சொன்னதும் பொய். சாதா எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) தகட்டை வெல்டு வைத்து ஒட்டியிருக்கிறார்கள். இப்போதே வரி வரியாகக் கீறிக் கிடக்கிறது, கழற்றி மாற்றவும் வழியில்லை.

"தொழிலுக்கு வாங்கினது, கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போக முடியாது" என்று மிரட்டவும் செய்தார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வணிகத்துக்கு வாங்கியது சேராது என்பது உண்மைதான். ஆனால் சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் வாங்கியிருந்தால் விலக்கு உண்டு. அது பொருந்தாவிட்டாலும் 1930 சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு இருக்கிறது. விவரம் சொல்லி விற்றால் பொருள் அந்த விவரப்படி இருந்தாக வேண்டும். வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். இதுவரை அவர்கள் தருவதாகச் சொன்னது புது ஹோஸ் ஒன்று மட்டும்.

எனவே கொட்டேஷனில் வெறும் டன்னை மட்டும் எழுத விடாதீர்கள். ஒவ்வொரு சிலிண்டரின் உள்விட்டம், வேலை பிரஷர், மோட்டார் ஹெச்.பி., உள் தகட்டின் கிரேடு எல்லாவற்றையும் எழுதி சீல் போட்டு வாங்குங்கள். சிலிண்டர் மூட்டும் முன் நேரில் போய் அளந்து பாருங்கள். டெமோவுக்கு உங்கள் யார்டிலிருக்கும் தடிமனான கட்டிங்கையே ஏற்றிக்கொண்டு போங்கள். கட்டை ஒரு ஆள் உயரத்திலிருந்து போட்டுப் பார்த்த பிறகு பாக்கிப் பணம் கொடுங்கள். மெஷின் ஓடும்போதே சிவப்பு பட்டனை அழுத்திப் பாருங்கள். ஏற்கெனவே மெஷின் வைத்திருப்பவர்கள், நாளைக்கு ஆட்கள் வேலைக்கு இறங்கும் முன் இந்த ஒன்றையாவது செய்துவிடுங்கள்.