காப்புச் சுவருக்குள் வயரிங்: எந்தப் பைப், எந்த இடத்தில்?

வெப்பம் கடக்காமலிருக்கப் பஞ்சோ ஃபோமோ அடைத்த காப்புச் சுவரில் வயரிங் என்றாலே இரும்புப் பைப்பா, பிவிசியா என்றுதான் பேச்சு தொடங்கும். என்னைக் கேட்டால் அது இரண்டாவது கேள்வி. பைப் சுவரின் எந்த அடுக்கில் ஓடப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

காரணம் வெப்பம். கரண்ட் ஓடும் வயர் சூடாகும். காப்பு அந்தச் சூட்டை வெளியே விடாது. பிரிட்டனின் வயரிங் தரநிலையான பிஎஸ் 7671 அட்டவணைப்படி, 2.5 சதுர மி.மீ. செம்பு வயர்கள் (பிவிசி உறை, ஒரு ஃபேஸ்) சாதாரணச் சுவரின் மேல் பைப்பில் போனால் 24 ஆம்பியர் தாங்கும். அதே வயர் காப்புச் சுவருக்குள் பைப்பில் போனால் 20தான். அதே பைப்பில் இன்னொரு சர்க்யூட்டைத் திணித்தால் அதுவும் குறையும்.

அதனால் வாய்ப்பிருந்தால் காப்புக்குள் போகவே வேண்டாம். காப்புக்கும் உள்பக்கப் பலகைக்கும் இடையே சட்டம் அடித்து 50 மி.மீ. போல இடைவெளி விட்டால் பைப், பாக்ஸ் எல்லாம் அங்கேயே அடங்கும். காப்பின் மேல் விரிக்கும் ஈரத்தடுப்புத் தாளிலும் ஓட்டை விழாது. அறை சற்றுச் சுருங்கும், சட்டச் செலவும் கூடும். புது வேலை என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஏற்கெனவே மூடிய சுவர் என்றால் காப்புக்குள்தான் போக வேண்டும். சரி, அப்போது எந்தப் பைப்? வளையும் பிளாஸ்டிக் பைப்பை இழுப்பது சுலபம், ஆனால் ஆணிக்குத் தாங்காது. அமெரிக்காவின் மின் வயரிங் விதித்தொகுப்பான என்இசிப்படி, சுவரின் மரச்சட்டத்தில் பைப்புக்காகப் போடும் துளை அந்த மரத்தின் விளிம்பிலிருந்து 32 மி.மீ.க்குள் வந்தால் 1.6 மி.மீ. இரும்புத் தகடு வைக்க வேண்டும். மெல்லிய இரும்புப் பைப்புக்கும் கெட்டியான பிவிசிக்கும் இதில் விலக்கு உண்டு, வளையும் பைப்புக்குக் கிடையாது. பிவிசி துருப்பிடிக்காது, ஆனால் எர்த் வயர் தனியாக இழுக்க வேண்டும். அரை அங்குலப் பிவிசி பைப்பை 3 அடிக்கு ஒருமுறை பிடித்து நிறுத்த வேண்டும். இரும்புக்கு 10 அடி போதும்.

பைப்பே இல்லாமல் கேபிளை அப்படியே புதைப்பது மலிவு. ஆனால் பிவிசி உறை தெர்மாகோலைத் தொட்டுக்கொண்டே இருந்தால் நாளடைவில் விறைத்துப்போகும். ஃபோம் இறுகிவிட்டால் கேபிளை மாற்றவும் முடியாது.

எந்தப் பைப்பானாலும் சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்குப் போகும் இடத்தில் உள்ளேயும் அடைக்க வேண்டும். பலர் வெளியே மட்டும் பூசிவிட்டு விடுகிறார்கள். ஈரக்காற்று பைப்புக்குள்ளேயே போய் தண்ணீராகி, பாக்ஸில் சொட்டும்.

தீத்தடுப்புச் சுவரைக் கடக்கும் இடத்தில் மட்டும் எனக்கு இரும்புதான். பிவிசி தீயில் உருகி ஓட்டையை விட்டுவிடும் என்பதால், சூட்டில் உப்பி அடைக்கும் வளையம் தேவைப்படும். இரும்புப் பைப்புக்குச் சுற்றியுள்ள இடைவெளியில் அங்கீகரிக்கப்பட்ட தீத்தடுப்புப் பசை பொதுவாகப் போதும்.