ஃபெர்குசன் டி.ஓ.30க்குப் போட்ட புது ஆயில் பம்ப்: பொருள் நல்லது, கூட வந்த தாள் போதாது

எங்களிடம் 1952ஆம் வருடத்து ஃபெர்குசன் டி.ஓ.30 டிராக்டர் ஒன்று இருக்கிறது. டெட்ராய்ட்டில் செய்த வண்டி, நாலு சிலிண்டர் கான்டினென்டல் பெட்ரோல் எஞ்சின். மிச்சிகன் குளிர்காலத்தில் வீட்டு முன்னால் விழும் பனியைத் தள்ளுவது இதுதான். போன வருடத்திலிருந்து எஞ்சின் சூடேறினால் போதும், ஐடிலில் (சும்மா நிற்கும்போது மெதுவாக ஓடும் வேகம்) ஆயில் அழுத்தம் காட்டும் கேஜ் முள் படுத்துவிடும். எஞ்சின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்பைக் கழற்றிப் பார்த்தேன். பேரிங் எல்லாம் நன்றாகவே இருந்தது, பம்பின் மூடியில்தான் பல்சக்கரம் உரசி உரசிப் பள்ளம் விழுந்திருந்தது. சரி, பம்பையே மாற்றிவிடலாம் என்று ஆன்லைனில் புதிதாக ஒன்று வாங்கினேன்.

பம்பைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வார்ப்பு சுத்தமாக இருக்கிறது, போல்ட் துளைகள் இடித்துத் தள்ளாமல் பொருந்தின, பல்சக்கரத்துக்கும் மூடிக்கும் நடுவே இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்தேன், சர்வீஸ் புத்தகம் சொல்லும் அளவுக்குள்தான் இருந்தது.

கோபமெல்லாம் பெட்டிக்குள் இருந்த ஒற்றைத் தாள் மேல்தான். போல்ட்டை எவ்வளவு இறுக்குவது என்பதைத் தவிர அதில் எதுவும் இல்லை. இந்த எஞ்சினில் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் பம்பைச் சுற்றுகிறது, அந்தப் பம்பின் தண்டுதான் மேலே இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டரை (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுப்பது) சுற்றுகிறது. அதாவது பம்பைக் கீழே இறக்கிய நிமிடமே, பிளக் எப்போது பொறி விட வேண்டும் என்கிற இக்னிஷன் டைமிங்கும் போயிற்று. விற்கிறவர்கள் இதை ஒரு வரியில் எழுதியிருக்க வேண்டாமா? எழுதாததால் நான் பழைய பம்பை அப்படியே உருவிவிட்டேன், புதியதை வாட்டமாக வந்த இடத்தில் ஏற்றினேன். ஸ்டார்ட் பண்ணினால் கார்புரேட்டர் வழியாக வெடிக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பிச் சரிசெய்யலாம் என்றால், வேண்டிய இடம் வருவதற்குள் அது பக்கத்தில் போய் இடித்து நிற்கிறது. மறுபடி ஆயிலை வடித்து, மறுபடி சம்பைக் கழற்றி, இன்னொரு கேஸ்கெட். ஒரு சனி, ஞாயிறு முழுவதும் போனது.

இதை வாங்குகிறவர்கள் பழைய பம்பில் கை வைக்கும் முன்பே முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, துளையில் கட்டை விரலை வைத்துக்கொண்டு எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். காற்று விரலைத் தள்ளினால் அதுதான் கம்ப்ரஷன். அங்கிருந்து ஃப்ளைவீல் குறி வரும்வரை கொண்டுவந்து நிறுத்துங்கள். டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்துவிட்டு, டார்ச் அடித்து உள்ளே தண்டின் தலையில் உள்ள காடி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். புது பம்ப் ஏறிய பிறகும் காடி அதே மாதிரி நிற்க வேண்டும். பல் சாய்வாக வெட்டியது என்பதால் ஏறும்போது தண்டு கொஞ்சம் திரும்பும், அதற்கு இடம் விட்டு ஒரு பல் முன்னதாக வைத்து ஏற்றினால் சரியாக உட்காரும். எனக்கு மூன்றாவது தடவையில்தான் அமைந்தது.

இன்னொன்று, இந்த வண்டிக்குத் தனிச் சட்டம் கிடையாது, எஞ்சினே முதுகெலும்பு. சம்பைத் தொடும் முன் முன்பக்கத்துக்கும் கியர்பாக்ஸுக்கும் அடியில் உறுதியாக முட்டுக் கொடுங்கள், வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கவே கூடாது. பம்பையும் காய்ந்தபடி மாட்டாதீர்கள், உள்ளே ஆயில் ஊற்றிக் கையால் சுற்றி நிரப்பிவிட்டு ஏற்றினால்தான் முதல் சுற்றிலேயே இழுக்கும்.

அப்புறம் டைமிங். ஆறு வோல்ட் பல்ப் ஒன்றை, பொறிக்கு மின்சாரம் ஏற்றித் தரும் காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனைக்கும் எஞ்சின் உடம்புக்கும் நடுவே கொடுத்தேன். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் பாயின்ட் மூடியிருக்கும்போது பல்ப் எரியாது, திறந்ததும் எரியும். ஃப்ளைவீல் குறியில் நிற்கும்போது பல்ப் சட்டென்று எரிய ஆரம்பிக்கிற இடத்தில் டிஸ்ட்ரிபியூட்டரை இறுக்கினேன். பிளக் வயர்களை, சிலிண்டர்கள் பொறி வாங்கும் 1-3-4-2 வரிசையில் மாட்டினேன். காயில் வயரைக் கழற்றி வைத்து, கேஜ் முள் அசையும்வரை ஸ்டார்ட்டரில் சுற்றிவிட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணினேன். உடனே பிடித்தது.

இப்போது ஒரு மணி நேரம் ஓடிச் சூடான பிறகும் ஐடிலில் முள் 15க்குக் கீழே வருவதில்லை, வேகம் கொடுத்தால் 30ஐத் தொடுகிறது. பம்புக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன், தாளுக்காக ஒன்று குறைக்கிறேன். ஆர்டர் போடும்போது சம்ப் கேஸ்கெட் இரண்டாக வாங்கிக்கொள்ளுங்கள்.