திருகோணமலை ஆட்கள் கவனம்: 21,600 ரூபாய் வாங்கிக்கொண்டு என் குசினியைக் கெடுத்துவிட்டார்கள்

இன்று காலை பத்து மணிக்கு என் நம்பரை புளொக் செய்துவிட்டார்கள். அதனால்தான் இந்தப் பதிவு. நேற்று வரைக்கும் பேசித் தீர்க்கலாம் என்று பொறுமையாக இருந்தேன். இனி என்ன பொறுமை?

போனது 21,600 ரூபாய். சிலருக்கு இது பெரிய காசாகத் தெரியாது. எங்கள் வீட்டுக்கு இது ஒரு மாதக் கடைச்சாமான்.

யார் என்று பெயர் போடவில்லை. போட்டால் வழக்கு நம் மேல்தான் திரும்பும் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். வீட்டுத் துப்புரவு, பைப் வேலை, ஏசி சர்விஸ் என்று எல்லாவற்றுக்கும் ஆள் அனுப்புவதாக விளம்பரம் போடும் ஒன்லைன் பக்கம் ஒன்று என்பதோடு நிறுத்துகிறேன். கடைசியில், குசினியை நாமே எப்படித் துப்புரவாக வைத்திருப்பது என்று ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். இருந்து வாசியுங்கள்.

எங்கள் வீடு உப்புவெளிப் பக்கம், கடற்கரைக்கு நடந்து போகிற தூரம். கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும். அலுமாரிப் பிணைச்சல் ஒரு வருடத்தில் துருப்பிடிக்கும். கச்சான் காற்று தொடங்கினால் யன்னலைப் பூட்டினாலும் புழுதி உள்ளே வரும், வந்து எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிக்கொள்ளும். போதாததற்கு 2022இல் காஸ் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது நாங்களும் விறகுக்கு மாறினோம். அந்த மாதங்களில் படிந்த கரி அடுப்புக்கு மேலே சுவரில் இன்னும் ஒரு நிழல் மாதிரி நின்றது. தேய்க்க அம்மாவுக்கு ஏலாது, எனக்கு வேலைக்குப் போய்வரவே நேரம் சரி.

ஆடி அமாவாசை வந்தது. அப்பாவுக்கு விரதம். ஆட்கள் வருவார்கள், அதற்கு முன் ஒரு தரமாவது குசினியை ஒழுங்காகத் துப்புரவு செய்ய வேண்டும் என்று அம்மா தினமும் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. நீராவி மெசினால் கழுவுவோம், முன்னும் பின்னும் படம் பாருங்கள் என்று. ஒரு பக்கம் கறுத்த அடுப்படி, மறுபக்கம் முகம் தெரிகிற ரைல்ஸ். விலை 24,000. முழுக் காசையும் முதலே போட்டால் 10 வீதக் கழிவு, 21,600.

நான் உடனே காசு போடவில்லை. இதைச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் என்னை முட்டாள் என்று நினைப்பீர்கள். முதலில் போன் எடுத்துப் பேசினேன். எடுத்தவன் குரல் நல்ல தன்மையான குரல். குசினி எத்தனை அடி, காஸா விறகா என்றெல்லாம் கேட்டுவிட்டு, "வீட்டில வயசான ஆக்கள் இருக்கினமா அக்கா?" என்றான். அம்மா இருக்கிறார், முட்டு வருத்தம் என்றேன். ஒரு நிமிடம் பேச்சில்லை. அப்புறம், "என்ர அம்மாவுக்கும் முட்டு தான் அக்கா. நீங்க ஒண்டுக்கும் யோசிக்காதீங்க, நாங்க மணமில்லாத மருந்து தான் பாவிப்போம்" என்றான்.

அந்த ஒரு வசனம். அதற்குப் பிறகு நான் எதையும் கேட்கவில்லை. வங்கி அப்பில் காசு போட மூன்று நிமிடம் கூட எடுக்கவில்லை. கணக்கு கம்பனிப் பெயரில் இல்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயரில் இருந்தது. பார்த்தேன். முதலாளியின் பெயராக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு அனுப்பு என்பதை அமத்தினேன். 21,600.

எட்டரைக்கு வருகிறோம் என்றவர்கள் பதினொன்றே காலுக்கு வந்தார்கள். ஒரு மோட்டார் சைக்கிளில் இரண்டு பொடியன்கள், இருபது வயது கூட இருக்காது. மஞ்சள் வாளி ஒன்று, கம்பி பிரஷ் இரண்டு, லேபல் கிழித்த ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தல்கள் மூன்று.

"நீராவி மெசின் எங்க தம்பி?"

"அது வேற சைட்ல ஓடுது அக்கா. இதுவே நல்லாப் போகும்."

அப்போதே படலையைக் காட்டி அனுப்பியிருக்க வேண்டும். காசு போய்விட்டதே, செய்கிற வேலையையாவது செய்யட்டும் என்று நினைத்தேன். முதலே முழுக் காசு வாங்குவதன் சூட்சுமம் இதுதான், நம் வாயை நாமே கட்டிப்போடுகிறோம்.

முதல் போத்தலில் மஞ்சள் தண்ணீர் மாதிரி ஒன்று. அதை ரைல்ஸின் இடைவெளிகளில் ஊற்றினான். பால் பொங்குவது போல நுரைத்தது. "பாருங்க அக்கா, ஊத்தை கழருது" என்றான். கழன்றது ஊத்தை இல்லை, சீமெந்து. அசிட் சீமெந்தில் உள்ள சுண்ணாம்பைத் தின்னும், நுரைப்பது அதுதான் என்று உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கிற தங்கச்சியின் மகள் பிறகு சொன்னாள். எனக்கு அப்போது எங்கே தெரியும்? அதையே சில்வர் சிங்க்கிலும் ஊற்றித் தேய்த்தான்.

இரண்டாவது போத்தலை ஒரு பேசினில் கரைத்து, அம்மாவின் புட்டுப்பானையை அதற்குள் அமிழ்த்தினார்கள். அலுமினியப் பானை. அடியில் கொஞ்சம் கரி பிடித்திருந்தது, அவ்வளவுதான். போட்டவுடன் பானையைச் சுற்றி சின்னச் சின்னக் குமிழ்கள். பத்து நிமிடம் கழித்து எடுத்தபோது உள்ளும் புறமும் கறுத்து, தொட்டால் விரலில் கரி ஒட்டியது. அது கோஸ்டிக் சோடா. அலுமினியத்துக்கு நஞ்சு. அம்மா பானையை வாங்கிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. அப்பா இருக்கும்போது வாங்கியது.

இனித்தான் கதை. சிங்க்கில் அசிட்டை ஒழுங்காகக் கழுவாமலே மற்றவன் மூன்றாவது போத்தலைக் கவிழ்த்தான். அது ப்ளீச். ஒரு நொடியில் மூக்கையும் தொண்டையையும் யாரோ நெரித்த மாதிரி இருந்தது. கண் திறக்க முடியவில்லை. ஊற்றியவனே இருமிக்கொண்டு வெளியே ஓடினான். அம்மா அடுத்த அறையில் இருந்தார். அவரை இழுத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடி, முருங்கை மரத்தடியில் இருத்தி, பஃப் இரண்டு தரம் அடித்த பிறகுதான் மூச்சு ஒரு அளவுக்கு வந்தது. "மணமில்லாத மருந்து!" அசிட்டும் ப்ளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். 1915இல், முதலாம் உலகப் போரில் ஆட்களைக் கொல்லத் திறந்துவிட்ட அதே வாயு என்று தங்கச்சியின் மகள் சொன்னபோது எனக்கு கை நடுங்கியது.

அந்தப் பொடியனுக்கும் நான்தான் தண்ணீர் கொடுத்தேன். கண் சிவந்து நின்றான். கையுறை இல்லை, முகக்கவசம் இல்லை. போத்தலில் என்ன இருக்கிறது என்று அவனுக்கே தெரியாது. "நிரப்பித் தந்தது அவங்கதான் அக்கா, எங்களுக்கு நாள் சம்பளம்" என்றான். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது. ஆனால் கோபம் போனில் பேசியவன் மேல்தான்.

அன்றைக்கே இன்னொன்று. பின்னேரம் அம்மா காஸ் மணக்கிறது என்றார். அடியில் கூட்டுவதற்காக சிலிண்டரை நகர்த்தியவர்கள் ரெகுலேட்டரை அரைகுறையாகப் பூட்டிவிட்டுப் போயிருந்தார்கள். 2021 கடைசியில் வீடுகளில் காஸ் அடுப்பு வெடித்த செய்திகள் வந்ததிலிருந்து அம்மாவுக்கு இதில் பயம். லைட் சுவிட்ச் எதையும் தொடாமல் கதவு யன்னலைத் திறந்துவிட்டு, சவர்க்கார நுரையை மூட்டில் தடவிப் பார்த்தேன். குமிழ் குமிழாக வந்தது. கழற்றி வெளியே வைத்தோம்.

மூன்றாம் நாள் சிங்க்கில் கபில நிறப் புள்ளிகள். இப்போது நகத்தால் சுரண்டினால் குழி தெரிகிறது. ரைல்ஸ் இடைவெளிகள் வெறும் வாய்க்கால், மஞ்சள் தண்ணீர் போய் நிற்கிறது, எறும்பு ஊர்வலம் போகிறது. சுவரில் இருந்த கரி? அது அப்படியே இருக்கிறது! எதற்காகக் கூப்பிட்டேனோ அதைத் தொடவே இல்லை. அமாவாசைச் சமையல் பக்கத்து வீட்டில். காத்தோட்டிக்காய் அவர்கள் அடுப்பில்தான் பொரிந்தது. அவர்கள் நல்ல மனிதர்கள், ஒன்றும் நினைக்கவில்லை. அம்மாதான் அன்று முழுக்கத் தலை குனிந்தபடி இருந்தார்.

காசு கேட்ட கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. முதல் நாள், படம் அனுப்புங்க அக்கா, பார்க்கிறம் என்றார்கள். பதினான்கு படம் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. இரண்டாம் நாள் வேறொரு பெண் பேசினாள். "மெடம், கெமிக்கல் செட் ஆக ஒரு கிழமை எடுக்கும்." கெமிக்கல் செட் ஆவதா, அது என்ன தயிரா? நாலாம் நாள், மேனேஜர் கொழும்பில், வந்தவுடன் எடுப்பார். ஐந்தாம் நாள், உங்கள் சிங்க் மலிவுச் சிங்க், தரமான சிங்க் என்றால் இப்படி வராது. ஆறாம் நாள், கிணற்றுத் தண்ணீரில் உப்பு, அதுதான் காரணம். பன்னிரண்டு வருடமாக அதே கிணறு, அதே சிங்க். எங்கள் கிணறு அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்தா சிங்க்கைத் தின்றது?

ஏழாம் நாள் முதலில் பேசிய அதே தன்மையான குரல் எடுத்தது. அம்மா எப்படி என்று கேட்கவில்லை. "காசு திருப்பித் தாற பழக்கம் எங்களிட்ட இல்ல அக்கா. அடுத்த தரம் கூப்பிட்டீங்க எண்டா 15 வீதம் கழிச்சுத் தாறம்." அடுத்த தரம்! அவர்கள் பக்கத்தில் கொமண்ட் எழுதினேன், அரை மணித்தியாலத்தில் அழித்துவிட்டார்கள். வங்கியில் கேட்டால், நீங்களே அனுப்பிய காசு மிஸ், நாங்கள் எப்படி மறிப்பது என்றார்கள். இன்று புளொக். 21,600 ரூபாய்க்கு ஒரு துண்டு பில் கூட என் கையில் இல்லை.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு அறிவிக்கப் போகிறேன். போன் நம்பர் 1977. முறைப்பாட்டை எழுத்தில், வேலை நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். என்னிடம் இருப்பது வங்கி அனுப்பிய மெசேஜும் படங்களும்தான். அதை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

சரி, சொன்னபடி குசினித் துப்புரவு. நிறைய எழுத இருந்தேன், மேசன் அண்ணர் வந்து படலையடியில் நிற்கிறார், அவசரமாகச் சொல்கிறேன்.

அசிட்டையும் ப்ளீச்சையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் பாவிக்க வேண்டாம். பாத்ரூம் கழுவுகிற மருந்திலும் அசிட் இருக்கும், ப்ளீச்சோடு அதையும் கலக்காதீர்கள். லேபல் இல்லாத போத்தலோடு வந்தால் உள்ளே விடாதீர்கள். முழுக் காசையும் முதலே கொடுக்காதீர்கள், கணக்கு ஆளின் பெயரில் இருந்தால் ஒரு சதமும் போடாதீர்கள். யாராவது சிலிண்டரைத் தொட்டால், அவர்கள் போவதற்கு முன் நுரை தடவிப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்குக்கு சுடுதண்ணீரும் பாத்திரம் கழுவுகிற சவர்க்காரமும் போதும், பூசிக் கால் மணித்தியாலம் விட்டுத் துடையுங்கள். கேத்தலில் வெள்ளையாகப் படிவதற்குத் தேசிக்காய். கறுத்த அலுமினியத்தில் புளி போட்டுக் கொதிக்க வையுங்கள். அம்மா நேற்று புட்டுப்பானைக்கு அதைச் செய்து பார்த்தார், கொஞ்சம் வெளுத்திருக்கிறது, ஆனால் அதில் அவிக்க மனமில்லை என்கிறார்.

மேசன் ரைல்ஸ் இடைவெளி பூச 14,000 கேட்கிறார். சிங்க் தனி.