பேச வைப்பது எது: கேள்வித்தாளா, பட்டிமன்றமா, தேங்காயா?

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்தில் ஒரு கடைவீட்டு மாடியில் சனிக்கிழமை மாலை ஆங்கிலப் பேச்சு வகுப்பு எடுக்கிறேன். பன்னிரண்டு பேர் வருகிறார்கள். எஸ்.பி.எம். என்ற பள்ளியிறுதித் தேர்வை முடித்துவிட்டு, பல்கலைக்கழகத்துக்கு வேண்டிய எம்.யு.இ.டி. ஆங்கிலத் தேர்வுக்குத் தயாராகும் பெண்பிள்ளைகள் மூவர், பிறை தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் தம்பிகள் நால்வர், நகைக்கடையில் நிற்கும் ஓர் அக்கா, பாதுகாவலர் வேலையிலிருந்து சீக்கிரம் ஓய்வு பெறப்போகும் ஓர் அங்கிள், அப்புறம் இல்லத்தரசிகள் மூவர். இவர்களில் யாருக்கும் ஆங்கிலம் தெரியாது என்று சொல்ல முடியாது. சூப்பர்வைசர் சொல்வது புரியும், வாட்ஸ்அப்பில் வருவதைப் படிப்பார்கள். பேசச் சொன்னால்தான் எல்லோரும் மின்விசிறியைப் பார்ப்பார்கள்.

ஆகவே இந்த வகுப்பில் இலக்கணத்தைவிடப் பெரிய வேலை, பேசுவதற்கு ஒரு விஷயத்தைப் பிடித்துக் கொடுப்பது. பண்டிகை, சாப்பாடு, சம்பளம், போக்குவரத்து என்று விஷயத்துக்குப் பஞ்சமில்லை. அதை எந்த உருவத்தில் மேசைமேல் வைக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம். சில வருடங்களாக நான்கு உருவங்களை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்திருக்கிறேன். எனக்கு இப்போது ஒரு சாய்வு வந்துவிட்டது, அதை மறைக்கப் போவதில்லை.

கேள்வித்தாள்

செலவில்லாதது இதுதான். தலைப்புவாரியாக இருபது இருபது கேள்விகள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. அச்செடுத்தால் வகுப்பு தயார். நானும் முதல் வருடம் முழுக்க அப்படித்தான் ஓட்டினேன்.

ஒரு மாலை, ‘உங்கள் பண்பாட்டில் முக்கியமான பண்டிகை எது?’ என்ற கேள்வி வந்தது. முதல் தம்பி தீபாவளி என்றான். அடுத்தவனும் தீபாவளி. மூன்றாவதாக நகைக்கடை அக்கா, “சேம் லா, டீச்சர்” என்று முடித்துவிட்டார். ஒன்பது பேர் மிச்சம், கேள்வி செத்துப்போனது.

தப்பு அவர்கள்மேல் இல்லை. இந்தக் கேள்விகள் ஒரு பிரேசில்காரரும் ஒரு ஜப்பானியரும் ஒரு துருக்கியரும் ஒரே மேசையில் உட்காரும் வகுப்புக்கு எழுதப்பட்டவை. அங்கே ஒருவர் பண்டிகை இன்னொருவருக்குத் தெரியாது. கேட்கக் காரணம் இருக்கிறது. எங்கள் மாடியில் எல்லார் வீட்டிலும் அதே முறுக்கு. தெரிந்த பதிலை யார் கேட்பார்கள்?

இன்னொரு சங்கடமும் உண்டு. உலகம் முழுக்க விற்கும் ஆங்கிலப் பாடநூல்கள் ஏழு விஷயங்களைத் தொடாமல் ஒதுங்கும்: அரசியல், மது, மதம், பாலுறவு, போதைப்பொருள், கம்யூனிசம் போன்ற இசங்கள், பன்றி இறைச்சி. ஆங்கிலத்தில் இவற்றின் முதலெழுத்தைச் சேர்த்தால் ‘பார்ஸ்னிப்’ என்று ஒரு கிழங்கின் பெயர் வரும், அதனால் ஆசிரியர்கள் அப்படியே அழைப்பார்கள். ஒதுக்குவதற்கு நியாயம் இருக்கிறது, நம் நாட்டில் இன்னும் கூடுதலாகவே இருக்கிறது. ஆனால் மதத்தையும் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டையும் எடுத்துவிட்டுப் பினாங்கில் பண்பாடு பேசச் சொன்னால் மிஞ்சுவது உடை அலங்காரம்தான். மூன்று இனத்துக்காரர்கள் சேர்ந்து மதியச் சாப்பாட்டுக்கு எந்தக் கடைக்குப் போவது என்று முடிவு செய்வதுகூட இங்கே அந்தப் பட்டியலுக்குள் வந்துவிடும்.

கேள்வித்தாளை நான் தூக்கிப் போடவில்லை, கேள்வியைக் கீழே இறக்கினேன். ‘முக்கியமான பண்டிகை எது’ என்று கேட்காமல், ‘தீபாவளிக்கு முதல் நாள் உங்கள் வீட்டுப் படையலில் என்னென்ன இருக்கும், யார் எடுத்து வைப்பார்கள்?’ என்று கேட்டேன். ஒரு வீட்டில் கோழி, ஆடு, தாத்தாவுக்காக ஒரு டின் பீர். இன்னொரு வீட்டில் சுத்த சைவம். ஒரு வீட்டில் படையலே கிடையாது. அன்றைக்குக் கேள்வி எழுபது சதவீதம் ஆங்கிலத்தில் ஓடியது, மிச்சம் தமிழ். ஒரே பண்பாடு என்று நினைத்தவர்களுக்குள் வித்தியாசம் இருக்கும் இடத்தைத் தேடிப் போனால் கேள்வித்தாள் வேலை செய்கிறது.

கேட்டுவிட்டுக் காத்திருப்பதும் முக்கியம். அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறைகளைப் பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். மூன்று விநாடி பொறுத்தால் பதில் நீளமாகியது, வாயே திறக்காதவர்களும் பேசினார்கள். மூன்று விநாடி என்பது ஒன்றுமில்லை போலத் தோன்றும். மேசைக்கு முன்னால் நின்று, பன்னிரண்டு முகத்தைப் பார்த்துக்கொண்டு எண்ணிப் பாருங்கள்.

பட்டிமன்றம்

நம் ஆட்களுக்கு இது ரத்தத்தில் ஊறியது. கோயில் திருவிழா, பொங்கல், பள்ளி ஆண்டு விழா எங்கே பார்த்தாலும் ஒரு நடுவரும் இரண்டு அணியும் உண்டு. ஆங்கிலத்திலும் அதையே வைத்தால் என்ன என்று, ‘கூட்டுக் குடும்பமா, தனிக் குடும்பமா’ தலைப்பைக் கொடுத்தேன். கைதட்டல், சிரிப்பு எல்லாம் ஜோர். மாடிப்படியில் இறங்கும்போது எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள்.

வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டேன். நாற்பது நிமிடத்தில் எம்.யு.இ.டி. பிள்ளைகளில் இருவரும் ஒரு தம்பியும் மட்டும் முப்பது நிமிடம் எடுத்துக்கொண்டார்கள். அந்த முப்பதிலும் பாதி முதல் நாளே மனப்பாடம் செய்தது. அங்கிள் இரண்டு முறை “ஐ அக்ரீ” என்றார். இல்லத்தரசிகள் நல்ல ரசிகர்கள்.

பட்டிமன்றம் ரசிகர்களுக்காக உருவான கலை. நன்றாகப் பேசுகிறவர் இன்னும் நன்றாகப் பேசுவார், பேசாதவருக்கு உட்காரும் இடம் கிடைக்கும். தனக்கு நம்பிக்கையில்லாத அணியில் மாட்டிக்கொண்டால் தாய்மொழியிலேயே ஆள் தடுமாறும், ஆங்கிலத்தில் கேட்கவே வேண்டாம். போதாததற்குச் சூடு ஏறியதும் நாக்கு தானாகத் தமிழுக்குத் திரும்பிவிடும். மாதத்துக்கு ஒருமுறை விருந்து மாதிரி வைத்துக்கொள்ளலாம், தினச் சாப்பாட்டுக்கு ஆகாது.

இந்தக் கணக்கு எந்த முறைக்கும் பொருந்தும். பன்னிரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராகப் பேசினால் நாற்பது நிமிடத்தில் ஆளுக்கு மூன்று நிமிடம் சொச்சம், அதுவும் நான் வாயே திறக்காவிட்டால். மூன்று மூன்று பேராகப் பிரித்தால் ஆளுக்குப் பதின்மூன்று நிமிடம் கிடைக்கிறது. விஷயத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் நாற்காலியைத் திருப்பிப் போடுவது நல்லது.

மூன்றாவது உருவமான செய்தி நறுக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பத்தி கொடுத்தால் இருபது நிமிடம் அருஞ்சொற்பொருளில் போய்விடும், பேச்சு வகுப்பு வாசிப்பு வகுப்பாகிவிடும். 2019 ஜனவரி 1 முதல் உணவுக் கடைகளில் புகைபிடிக்கத் தடை வந்ததல்லவா, அப்போது நான் செய்தியைக் கொடுக்கவில்லை. ‘கடையிலிருந்து மூன்று மீட்டர்’ என்ற ஒரு வரியை மட்டும் வெள்ளைப் பலகையில் எழுதினேன். மாமாக் கடை (இந்திய முஸ்லிம் உணவுக் கடை) வாசலில் மூன்று மீட்டர் தள்ளினால் நிற்கும் இடம் சாக்கடையா, நடுச்சாலையா என்பதில் அரைமணி நேரம் போனது. செய்தியைப் பயன்படுத்துவதென்றால் இப்படித்தான்: ஒரு வரி, மிச்சத்தை அவர்கள் கொண்டுவரட்டும்.

தேங்காய்க் கணக்கு

நான்காவது உருவத்துக்கு ஒரு பின்னணி உண்டு, அதுவும் நம் பக்கத்துக் கதை. என்.எஸ்.பிரபு என்ற ஆங்கிலக் கல்வியாளர் 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் சில சாதாரணப் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கண அட்டவணையை ஓரம் கட்டிவிட்டு, ரயில் நேரப் பட்டியல், வரைபடம் என்று எதையாவது கொடுத்துப் பிள்ளைகளை விடை கண்டுபிடிக்கச் சொல்வது. இப்படிப்பட்ட வேலைகளை அவர் மூன்றாகப் பிரித்தார். என்னிடம் இருக்கும் தகவல் உன்னிடம் இல்லை, சொல்லித்தான் ஆகவேண்டும் என்பது ஒன்று. கொடுத்த விவரத்திலிருந்து யோசித்து ஒரு முடிவுக்கு வருவது இரண்டாவது. உன் அபிப்பிராயம் என்ன என்று கேட்பது மூன்றாவது. அவர் வகுப்புகளில் அதிகம் எடுபட்டது இரண்டாவது வகை. அபிப்பிராயம் கேட்பதற்கு அவர் கொஞ்சம் இடம்தான் கொடுத்தார்.

எனக்கு இது சுருக்கென்று தைத்தது. கேள்வித்தாள், பட்டிமன்றம் இரண்டுமே மூன்றாவது வகை. அபிப்பிராயம் என்பது இருப்பவர்களுக்குத்தான் சுலபம். எதற்கும் ஒரு கருத்து வைத்துக்கொள்ள நேரமில்லாமல் ஷிஃப்ட் முடிந்து வருகிறவனிடம், ‘பண்பாட்டைப் பற்றி என்ன நினைக்கிறாய்’ என்றால் அவன் என்ன செய்வான்?

அதனால் தைப்பூசத்துக்கு முந்தின வாரம் ஒன்று செய்தேன். பினாங்குக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காக: தைப்பூசத்துக்கு முதல் நாள் ரதம் பட்டணத்திலிருந்து தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் புறப்படும்போது வழிநெடுக ரதத்தின் முன்னால் தேங்காய் உடைப்பார்கள். நம்மவர்கள் மட்டுமில்லை, சீனர்களும் குவியல் குவியலாக உடைப்பார்கள். இது வீண், அளவோடு போதும் என்று பினாங்கு பயனீட்டாளர் சங்கம் கேட்டுக்கொண்டதும் உண்டு. வேண்டுதல், விரயம் இரண்டும் ஒரே ஓட்டுக்குள் இருக்கும் விஷயம்.

இதை ‘தேங்காய் உடைப்பது சரியா தவறா’ என்று கேட்டிருந்தால் பட்டிமன்றமாகியிருக்கும். நான் மூன்று பேருக்கு ஒரு தண்ணீர்ப் பந்தல் கமிட்டி அமைத்தேன். கையில் மூவாயிரம் வெள்ளி (ரிங்கிட்). ஆளுக்கு ஓர் அட்டை, அடுத்தவருக்குக் காட்டக்கூடாது. ஓர் அட்டையில், ஐந்நூறு தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டு ஆயிரம் வெள்ளி கொடுத்த பெரியவர். இரண்டாவது அட்டையில் தேங்காய் விலையும், மோருக்கும் சாப்பாட்டுக்கும் ஆகும் செலவும். மூன்றாவதில், போன வருடம் ஓடு குத்திக் கால் கிழிந்த ஒரு பையன், அப்புறம் தெருவைக் கூட்ட ஆள் கிடைக்காத கதை. பதினைந்து நிமிடத்தில் எத்தனை தேங்காய் என்று ஓர் எண் எழுதித் தரவேண்டும். அவ்வளவுதான்.

அங்கிள் கையில் பெரியவரின் அட்டை. முதல் மூன்று நிமிடம் அவர் மெதுவாக வாசித்தார். பிறகு அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வேண்டுதல் என்றால் வேண்டுதல்தான், குறைத்தால் சாமி குத்தம் என்பதை ஆங்கிலத்தில் சொல்லப் பாடுபட்டார். ‘சாமி குத்தம்’ என்பதற்கு ஆங்கிலம் கிடைக்கவில்லை. “காட் வில் மெமோ மீ” என்றார். கம்பெனியில் தப்பு செய்தால் மெமோ வருமே, அது. முப்பது வருட வேலை அந்த ஒரு வினைச்சொல்லுக்குள் இருந்தது. நான் திருத்தவில்லை.

எதிரே உட்கார்ந்திருந்தவர் நகைக்கடை அக்கா. எட்டு மாதமாக “சேம் லா” தாண்டிப் பேசாதவர். அட்டையைப் பார்க்கவே இல்லை. “கேனாட், அங்கிள். ஃபைவ் ஹண்ட்ரட் யூ பிரேக், ஃபைவ் மினிட் ஃபினிஷ். ஹூ ஸ்வீப்? மீ ஸ்வீப்!” என்றார். பந்தலில் வருடா வருடம் கூட்டுகிறவர் அவர்தான் என்று எனக்கு அப்போதுதான் தெரியும். கடைசியில் அவர்கள் எழுதிக் கொடுத்த எண் நூற்றெட்டு. பெரியவரின் மிச்சப் பணம் மோருக்கு. எப்படி நூற்றெட்டு என்று கேட்டேன். சாமிக்கும் கணக்கு சரியாக வரவேண்டுமே என்றார் அங்கிள், தமிழில்.

நேரம் முடிந்தபின் பலகையில் “ஹூ வில் ஸ்வீப்?” என்று எழுதினேன். எதிர்காலம் காட்டும் அந்த ஒரு சொல்லை அதற்கு முன் நான்கு வாரம் பயிற்சித்தாளில் நடத்தியிருந்தேன், ஒட்டவில்லை. இப்போது அக்கா யாரைப் பார்த்தாலும் “ஹூ வில்” என்கிறார்.

இந்த முறையிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. அட்டை எழுத எனக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. ஒருவர் வராவிட்டால் கமிட்டி நொண்டும். அட்டையை ஒப்பிப்பதைப் போல வாசித்துவிட்டு உட்காரும் குழுவும் உண்டு. பிறையிலிருந்து தீவிலுள்ள பாயான் லெப்பாசுக்கு வேலைக்குப் போகிறவர் ஃபெரியில் போவதா, பாலத்தில் மோட்டார் சைக்கிளில் போவதா என்று நான் செய்த வேலை அப்படித்தான் படுத்துக்கொண்டது. பாலத்தில் மோட்டார் சைக்கிளுக்கு டோல் கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும், இரண்டே நிமிடத்தில் விடை வந்துவிட்டது. இரு பக்கமும் எடை இருந்தால்தான் இழுபறி நடக்கும்.

தேர்வுக்குப் போகும் பிள்ளைகளுக்கு இது மட்டும் போதாது. எம்.யு.இ.டி. குழுக் கலந்துரையாடலில் அபிப்பிராயம் சொல்லித்தான் ஆகவேண்டும். அவர்கள் மூவருக்கும் கடைசி இரண்டு மாதம் கேள்வித்தாள்தான், கூடவே ஒரு கடிகாரம். புதிதாக ஆள் சேர்ந்த வாரத்திலும் கேள்வித்தாளே நல்லது. முகம் தெரியாதவரிடம் வேண்டுதலைப் பற்றிச் சண்டை போட முடியாது. மற்ற சனிக்கிழமைகளில் அட்டை.

தேங்காய் அட்டைகளை நெகிழிப்பையில் போட்டு வைத்திருக்கிறேன். வருடா வருடம் எடுக்கும்போது விலையை மட்டும் அடித்துவிட்டுப் புதிதாக எழுதவேண்டியிருக்கிறது. ஓர் அட்டையில் இப்போது மூன்று விலை அடித்துக் கிடக்கிறது, போன முறை அதைப் பார்த்தே ஒரு குழு பத்து நிமிடம் பேசியது.