அம்மாவுக்கு எடுத்த ஹைட்ரஜன் மூச்சுப் பரிசோதனை: டெஸ்ட் அருமை, நடத்திய விதம் மோசம்

சிறுகுடலில் பாக்டீரியா அளவு மீறிப் பெருகியிருக்கிறதா என்று பார்க்கிற டெஸ்ட் இது. சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் எடுத்தோம்.

அம்மாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை. கொஞ்ச நாளாகச் சாப்பிட்டதும் வயிறு உப்பிக்கொள்ளும், மலம் எண்ணெய்ப் பிசுக்கோடு வெளிறிப் போய் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் மிதக்கும், நன்றாகச் சாப்பிட்டும் எடை இறங்கிக்கொண்டே வந்தது. மீன், முட்டை எல்லாம் சாப்பிடுகிறவருக்கு பி12 குறைவு, ஃபோலேட் என்ற இன்னொரு பி வைட்டமின் மட்டும் அதிகம். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் டாக்டர் டெஸ்ட் எழுதினார். பெருகிய பாக்டீரியா பி12ஐ நமக்கு முன்னால் எடுத்துக்கொள்ளும், ஃபோலேட்டை அதுவே உண்டாக்கும். நீண்ட நாள் சர்க்கரையில் குடல் நரம்பு பாதித்து, வெறும் வயிற்றில் குடலைப் பெருக்கித் தள்ளுகிற அசைவு மந்தமாகிவிடுவதால் கிருமிகள் அங்கேயே தங்கிவிடுகின்றன.

கொழுப்பு ஏன் செரிக்காமல் போகிறது என்பதையும் டாக்டர் பொறுமையாக விளக்கினார். கல்லீரல் பித்த அமிலத்தோடு கிளைசின் அல்லது டாரின் என்ற சின்ன மூலக்கூறைச் சேர்த்து அனுப்புகிறது, அந்தச் சேர்க்கை இருந்தால்தான் கொழுப்பை நன்றாகக் கரைக்க முடியும். வேலை முடிந்ததும் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் சுமார் 95 சதவீதம் உறிஞ்சப்பட்டு மறுபடி கல்லீரலுக்கே போய்விடும். சிறுகுடலின் மேல் பகுதியிலேயே பாக்டீரியா கூடினால் சேர்க்கையை உடைத்துவிடும், உடைந்த அமிலம் பாதி வழியிலேயே உறிஞ்சப்பட்டுவிடும், கொழுப்பைக் கரைக்க ஆள் இருக்காது. கொழுப்போடு ஏ, டி, ஈ வைட்டமின்களும் வெளியே போய்விடும்.

டெஸ்ட் ரொம்ப எளிது. வெறும் வயிற்றில் 75 கிராம் குளுக்கோஸ் கலந்த தண்ணீரைக் குடித்துவிட்டு, கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை கருவியில் ஊத வேண்டும். நம் உடம்பின் செல்கள் ஹைட்ரஜன் உண்டாக்குவதில்லை, குளுக்கோஸைத் தின்கிற பாக்டீரியாதான் உண்டாக்கும், அந்த ஹைட்ரஜன் ரத்தம் வழியாக நுரையீரலுக்கு வந்து மூச்சில் தெரியும். 90 நிமிடத்துக்குள் ஹைட்ரஜன் 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) கூடினால் பாசிட்டிவ். ஊசி இல்லை, குழாய் இல்லை. வயதானவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி! ஊதச் சொல்லிக்கொடுத்த பெண்ணும் அவ்வளவு அன்பாகப் பேசினார்.

ஆனால் கையில் கொடுத்த தாளில் 'வெறும் வயிற்றில் வரவும்' என்று மட்டும்தான் இருந்தது. முந்தின நாள் பருப்பு, பால், கோதுமை, நார்ச்சத்துள்ள காய் எல்லாம் தவிர்க்க வேண்டும், வெறும் சாதமும் மீனும் போதும், ஆன்டிபயாடிக் எடுத்திருந்தால் 4 வாரம் இடைவெளி வேண்டும், இதெல்லாம் நாங்களாக டாக்டருக்கு போன் போட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டது. கேட்காதவர்கள் சாம்பார் சாப்பிட்டுவிட்டுப் போய்த் தப்பான ரிசல்ட்டோடு வருவார்கள். சர்க்கரை நோயாளி 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கப் போகிறாரே என்று கவுன்டரில் ஒருவரும் கேட்கவில்லை, நான்தான் ஞாபகப்படுத்தினேன். கருவி மீத்தேனை அளக்காது. சிலருக்கு ஹைட்ரஜன் மீத்தேனாக மாறிவிடும், அவர்களுக்கு இங்கே நோய் இல்லை என்றே வரலாம். ரிப்போர்ட்டில் 'பாசிட்டிவ்' என்று ஒரே வரி, அளவுகளைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

இன்னொன்று, இதே தொல்லைகள் டிராபிகல் ஸ்ப்ரூ என்ற, வெப்ப நாடுகளில் சிறுகுடல் சத்தை உறிஞ்ச முடியாமல் போகிற நோயிலும் வரும். 1960களில் வட ஆற்காடு கிராமங்களில் அது கூட்டங்கூட்டமாக வந்ததை வேலூர் சி.எம்.சி.யில் செல்வின் பேக்கர், வி.ஐ. மாத்தன் போன்ற மருத்துவர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். அதனால் மூச்சு டெஸ்ட்டோடு நிறுத்தாமல் சிறுகுடல் பயாப்ஸி (துளி சதை எடுத்துப் பார்ப்பது) தேவையா, கணையம் சரியாக இருக்கிறதா என்றும் டாக்டரிடம் கேளுங்கள்.

ரிஃபாக்ஸிமின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரைக்கு அப்புறம் அம்மாவின் உப்புசம் நன்றாகக் குறைந்திருக்கிறது, பி12 ஊசி போகிறது, எடை மெதுவாக ஏறுகிறது. திரும்ப வரக்கூடியது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வந்தால் இதே டெஸ்ட்தான் எடுப்போம், மீத்தேனும் அளக்கிற வேறு இடத்தில்.